அந்த சிரப் பாட்டிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்



உங்கள் வீட்டில் மருந்துகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஃப்ரிட்ஜின் மேலா, பீரோவின் மேல்தட்டிலா, பழைய ஸ்வீட் டப்பாவிலா? எங்கே இருந்தாலும் சரி, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அதை ஒருமுறை கீழே இறக்கிப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு என்று எழுதிய சிரப் அதில் இருக்கிறதா? கிட்னி கல்லுக்கு வாங்கிய பொட்டாசியம் சிட்ரேட்? வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் அன்போடு கொடுத்துவிட்டுப் போன பொட்டாசியம் மாத்திரை டப்பா?

இருந்தால் அடுத்த கேள்வி. அது யாருக்காக வாங்கியது, எத்தனை நாளைக்கு என்று டாக்டர் எழுதினார், கடைசியாக எப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள்? இந்த மூன்றுக்கும் வீட்டில் யாராவது ஒருவர் சட்டென்று பதில் சொல்லிவிட்டால் நிம்மதி. சொல்ல முடியவில்லை என்றால், இந்த மாத ஆசிரியர் பக்கம் உங்களுக்காகத்தான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. பொட்டாசியம் நல்ல மருந்து. குறைந்து போனவர்களுக்கு உயிரையே காப்பாற்றுகிற மருந்து. ஆனால் ‘சத்து மருந்துதானே’ என்று நாம் நினைத்துக்கொள்கிற பட்டியலில் இதைச் சேர்த்துவிடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

இந்த சிரப் நம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டிய அப்பாவுக்கு இரண்டு நாள் வாந்தி, பேதி. கால் துவண்டு, எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, “பொட்டாசியம் 2.9-தான் இருக்கு, ரொம்ப லோ” என்கிறார் டாக்டர். டிரிப்ஸ் போகிறது. மூன்றாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் சிரப் எழுதியிருக்கிறது: 15 மில்லி, மூன்று வேளை, 5 நாள். அதற்குக் கீழே, ஒரு வாரம் கழித்து ரத்தத்தில் எலக்ட்ரோலைட்ஸ் (பொட்டாசியம் போன்ற உப்புகள்) பார்த்துவிட்டு வரவும் என்று ஒரு வரி.

சிரப் தீர்கிறது. “அது குடிச்சதுல இருந்துதாம்பா உடம்புல தெம்பு வந்த மாதிரி இருக்கு” என்கிறார் அப்பா. மகன் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். “இதே மாதிரி இன்னொண்ணு குடுங்க.” கடைக்காரரும் கொடுக்கிறார். பிறகு இன்னொன்று. டிஸ்சார்ஜ் சம்மரியின் அந்தக் கடைசி வரி ஃபைலுக்குள் மடங்கிக் கிடக்கிறது.

இதில் யாரைக் குறை சொல்வது? அப்பாவுக்குத் தெம்பு வர வேண்டும் என்று மகன் நினைத்தது தப்பா? கேட்ட மருந்தைக் கடைக்காரர் கொடுத்தது அதிசயமா? எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் 2.9 என்ற அந்த எண் இப்போது எவ்வளவு ஆகியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம்?

நம் உடம்பில் உள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. ரத்தத்திலும், செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் இருப்பது மீதி இரண்டு பங்கு மட்டுமே. அந்தச் சின்னப் பங்கு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் தசையும் நரம்பும் தடுமாறும். எல்லாவற்றையும்விட இதயம் தடுமாறும். ஏனென்றால் இதயம் தாளம் தவறாமல் துடிப்பதற்கான மின்னோட்டமே, உள்ளே எவ்வளவு பொட்டாசியம், வெளியே எவ்வளவு என்ற கணக்கில்தான் ஓடுகிறது.

லேப் ரிப்போர்ட்டில் பொட்டாசியத்துக்கு நேரே 3.5 முதல் 5 வரை என்று போட்டிருப்பார்கள். சில லேப்களில் மேல் எல்லை 5.1 அல்லது 5.5 என்றும் இருக்கும். அலகு, லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட். 3.5-க்குக் கீழே போனால் குறைவு. 2.5-க்குக் கீழே போனால் தீவிரம். 5.5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 6.5-ஐத் தொட்டுவிட்டால் அவசர சிகிச்சை. சர்க்கரை அளவு 100-லிருந்து 200-க்குப் போனால்கூட நாம் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே நல்ல அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவில் இருப்பதே ஒன்றிரண்டு புள்ளிதான்.

அப்படியானால் தினமும் வாழைப்பழமும் கீரையும் இளநீருமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை? சிறுநீரகம் இருக்கிறதே! ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படித்தான் பொட்டாசியத்துக்குச் சிறுநீரகம். மழை எவ்வளவு பெய்தாலும், நிரம்பியதற்கு மேல் வருகிற நீரைக் கலிங்கு தானாக வெளியேற்றிவிடும், கரைக்கு ஆபத்தில்லை. கலிங்கு தூர்ந்து போயிருந்தால்தான் சாதாரண மழைக்கே கரை உடைகிறது. நாம் உட்கொள்ளும் பொட்டாசியத்தில் சுமார் தொண்ணூறு சதவீதத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது சுணங்கிவிட்டால், மற்றவர்களுக்கு நல்லது செய்கிற அதே பொருள் நமக்குச் சுமையாகிவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை நாம் மனம்விட்டுப் பேச வேண்டும். நம் வீடுகளில் சுகரும் பிரஷரும் இல்லாத வீடு எது? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வேண்டிய அளவுக்கு இந்த நோய்கள் நம்மிடையே பெருகியிருக்கின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பல வருஷம் இந்த இரண்டோடு இருப்பவர்களில் பலருக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் சுணங்கத் தொடங்கும். கால் வீங்காது, வலிக்காது, சிறுநீரும் வழக்கம்போலவே போகும். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். ‘எனக்குக் கிட்னியில் ஒன்றுமில்லை’ என்று நம்மில் பலர் சொல்வது, பார்த்துவிட்டுச் சொல்வதா, பார்க்காமல் சொல்வதா?

சரி, யாருக்குத்தான் பொட்டாசியம் மருந்து தேவைப்படும்? வாந்தி, பேதியில் நிறைய இழந்தவர்களுக்கு. கால் வீக்கத்துக்கும் இதய பலவீனத்துக்கும் பிரஷருக்கும் ஃபுரோசமைட், டார்செமைட், ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு. ஸ்டீராய்டு, மலமிளக்கி போன்றவற்றை நீண்ட நாள் எடுத்தவர்களில் சிலருக்கு. சில ஹார்மோன் கோளாறுகளிலும், பரம்பரையாக வரும் சில நோய்களிலும் குறையும். இதயத்துக்கு டிகாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்தால் அந்த மாத்திரையே நஞ்சாக மாறலாம். இவர்களுக்கெல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்த பொட்டாசியத்தை, ‘ஆசிரியர் பயமுறுத்தினார்’ என்று தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். குறைவதும் அதே அளவுக்கு ஆபத்துதான்.

எழுதிக் கொடுத்ததை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதையும் பார்த்துவிடுவோம்.

முதலில் சிரப். நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பொட்டாசியம் குளோரைடு சிரப்பில் 15 மில்லிக்கு 20 மில்லி ஈக்விவலன்ட் இருக்கும். கிட்டத்தட்ட 780 மில்லிகிராம் பொட்டாசியம். லேபிளில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்; கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். ஆகவே குழம்புக் கரண்டி, டீஸ்பூன் எல்லாம் வேண்டாம். பாட்டிலோடு வருகிற அளவு மூடியில் கோடு பார்த்து ஊற்றுங்கள். அதை அப்படியே வாயில் கவிழ்க்கக் கூடாது. குறைந்தது அரை டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, மெதுவாகக் குடிக்க வேண்டும். வெறும் வயிற்றில், கலக்காமல் குடித்தால் வயிறு எரியும், குமட்டும், சிலருக்கு வயிற்றில் புண்கூட வரும். “அந்த மருந்து ஒத்துக்கல, குமட்டுது” என்று பாதியில் விடுகிற பலருக்குப் பிரச்சினை, குடித்த விதத்தில்தான்.

மாத்திரையாக இருந்தால் அது பெரும்பாலும் மெல்ல மெல்லக் கரைகிற வகை. கடித்து மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது. உட்கார்ந்தபடி முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய கையோடு படுத்துவிடக் கூடாது. தொண்டையில் சிக்குகிறது, விழுங்க முடியவில்லை என்றால் மிக்ஸியில் பொடித்துக் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சிரப்பாக மாற்றிக் கொடுப்பார். மாத்திரையின் கூடு மலத்தில் வெளியே வந்தால் பயப்பட வேண்டாம், மருந்து உள்ளே இறங்கிவிட்டது. ஆனால் மலம் கறுப்பாகப் போனாலோ வயிறு கடுமையாக வலித்தாலோ உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டு மடங்காகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். இது எல்லா மருந்துக்கும் உள்ள விதிதான். பொட்டாசியத்துக்கு இன்னும் கண்டிப்பானது. இனிப்பும் வாசனையுமாக இருக்கிற சிரப் என்பதால் பேரக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

எவ்வளவு சிரப் குடித்தும் பொட்டாசியம் ஏறவே மாட்டேன் என்கிறதா? மக்னீசியம் குறைந்திருந்தால் பொட்டாசியம் உடம்பில் தங்காது. அளவைக் கூட்டச் சொல்வதற்கு முன்னால், “மக்னீசியம் பார்த்தாச்சா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இனி, என்னை அதிகம் கவலைப்படுத்துகிற பகுதிக்கு வருகிறேன். தனியாகப் பார்த்தால் பொட்டாசியம் சிரப் அவ்வளவு பொல்லாதது அல்ல. அதே டப்பாவில் பக்கத்தில் இருக்கிற மாத்திரைகளோடு சேரும்போதுதான் கதை மாறுகிறது.

பிரஷருக்கு டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! இவை அருமையான மருந்துகள். இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பவை. ஆனால் பொட்டாசியம் வெளியேறுவதைக் கொஞ்சம் குறைப்பவை. இதய பலவீனத்துக்கும் ஈரல் நோய்க்கும் கொடுக்கிற ஸ்பைரோனோலாக்டோனும் நீர் பிரியும் மாத்திரைதான்; ஆனால் அது பொட்டாசியத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் வகை. நீர் மாத்திரை என்றாலே பொட்டாசியம் குறையும், அதற்குச் சிரப் குடிக்க வேண்டும் என்று பொதுவாக எண்ணிக்கொள்வது இங்கேதான் தவறாகப் போகிறது. ஃபுரோசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் ஒரே மாத்திரையாகச் சேர்ந்தும் கிடைக்கின்றன. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். படிக்கச் சிரமமாக இருந்தால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இதற்கு மேல் மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென். இந்த வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், பொட்டாசியம் தேங்கும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. பிரஷருக்கு ஒரு டாக்டர், முட்டி வலிக்கு இன்னொருவர், யூரினுக்கு வேறொருவர். அவரவர் எழுதியது அவரவர் வரையில் சரி. எல்லாம் ஒரே வயிற்றுக்குள்தான் போகிறது என்பது தெரிந்தவர் யார்? வீட்டில் இருக்கும் நாம்தான்.

இது கற்பனைக் கவலை அல்ல. கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கிறது என்று 1999-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. உண்மைதான். அதைப் படித்த டாக்டர்கள், ஏற்கெனவே எனலாப்ரில் வகை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்கும் அதை எழுதத் தொடங்கினார்கள். பின்னால் ஒன்டாரியோ மாகாணத்தின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994-இல் அப்படிப்பட்ட நோயாளிகள் ஆயிரம் பேருக்கு 2.4 பேராக இருந்தார்கள், 2001-இல் 11 பேராகியிருந்தார்கள். அதில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 0.3 என்பதிலிருந்து 2 ஆகியிருந்தார்கள். 2004-இல் இது வெளியானபோது மருத்துவ உலகமே திடுக்கிட்டது.

அதற்கு அடுத்த செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியிலும் இதே மருந்து இதே காலத்தில் வெகுவாகப் பரவியது. ஆனால் அங்கே பொட்டாசியம் ஏறுவது அப்படிப் பெருகவில்லை என்று 2010-இல் வெளியான ஆய்வு சொன்னது. அங்கே நோயாளிகளின் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் முன்பைவிடக் கவனமாகப் பார்த்து வந்தார்கள். மருந்து ஒன்றுதான். பார்த்துக்கொண்டே கொடுத்த இடத்தில் அந்த ஆபத்து பெருகவில்லை.

நான் சொல்ல வந்ததும் அதுவேதான். பொட்டாசியத்தை ரத்தம் பார்க்காமல் தொடங்கக் கூடாது. ரத்தம் பார்க்காமல் தொடரவும் கூடாது. புதிதாகத் தொடங்கினாலும், மேலே சொன்ன பிரஷர் மாத்திரைகளைத் தொடங்கினாலும், அளவைக் கூட்டினாலும், ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒருமுறை பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துவிடுவது நல்ல வழக்கம். நாம் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுக்கும் ஃபுல் பாடி செக்கப்போடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

ரிப்போர்ட் வந்ததும் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, “உப்பு குறைஞ்சிருக்கு” என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் பெரும்பாலும் அது சோடியம். பொட்டாசியத்துக்கு எழுதியதை அதற்கோ, அதற்கு எழுதியதை இதற்கோ நாமாக மாற்றிக் கொடுக்க முடியாது. எந்த உப்பு என்று கேட்டு, எண்ணோடு சேர்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ரத்தம் எடுக்கும்போதோ லேபுக்குக் கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால் பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குத் திடீரென்று ஏறி வந்தால் டாக்டர் திரும்ப ரத்தம் எடுக்கச் சொல்வார், ஈசிஜியும் பார்ப்பார். “லேப்ல காசு பிடுங்கறாங்க” என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் நல்லதுக்குத்தான்.

அடுத்து, நம் சமையலறைக்கு வருவோம். ‘லைட்’ உப்பு, சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். ஆம், சிரப் பாட்டிலில் இருக்கும் அதே பொட்டாசியம் குளோரைடு.

இது கெட்டதா? இல்லவே இல்லை. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாக ஏறக்குறைய 21,000 பேரை ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகக் கவனித்தார்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்பு. மீதிப் பாதிக்கு நாலில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. மாற்று உப்பு சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்று 2021-இல் முடிவு வந்தது. ஆனால் அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை தெரியுமா? தமக்கோ வீட்டில் வேறொருவருக்கோ தீவிர சிறுநீரக நோய் இருந்தவர்களையும், பொட்டாசியம் மருந்தோ பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் நீர் மாத்திரையோ சாப்பிட்டவர்களையும் சேர்க்கவில்லை. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் அதே கவனத்தோடுதான் சொன்னது: பொதுவாகப் பெரியவர்களுக்குச் சரி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு இந்தப் பரிந்துரை இல்லை.

வீட்டில் வேறொருவர் என்பதை ஏன் கவனித்தார்கள்? நம் வீட்டையே பாருங்கள். உப்பு ஜாடி ஒன்றுதானே இருக்கிறது? பிரஷருக்காக மருமகன் வாங்கிவந்த உப்புதான், கிரியாட்டினின் ஏறியிருக்கும் மாமியாரின் ரசத்திலும் விழுகிறது. அந்தச் சீன ஆய்வில் பயன்படுத்தியது போன்ற உப்பு 5 கிராம் ஒரு நாளில் உள்ளே போனால் சுமார் 650 மில்லிகிராம் பொட்டாசியம் அதோடு போகும். ஆகவே உப்பை மாற்றுவதற்கு முன்னால் உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஜாடியிலிருந்து சாப்பிடுகிற எல்லோருடைய ரிப்போர்ட்டையும் நினைத்துப் பாருங்கள்.

இந்துப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் நிறைய, பிரஷருக்கு நல்லது என்று நம்பி மாறியவர்கள் பலர். இந்துப்பிலும் மிகப் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான், பொட்டாசியம் கொஞ்சமே. சாதாரண உப்பைக் குறைப்பதைப் போலவே இதையும் குறைத்துத்தான் போட வேண்டும்.

உணவு விஷயத்தில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது ஒன்றே: பயப்படாமல் சாப்பிடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் உணவில் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-இலேயே சொல்லியிருக்கிறது. கீரை, பருப்பு, பயறு, வாழை, கிழங்கு, கொய்யா, மோர் என்று சாப்பிட்டாலே அதை நெருங்கிவிடலாம். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு உணவில் வரும் பொட்டாசியம் பிரஷரைக் குறைக்க உதவும். காய்கறிக் கடையில் கிடைப்பதை ஏன் மெடிக்கல் ஷாப்பில் தேட வேண்டும்?

அமெரிக்காவிலிருந்து வரும் பொட்டாசியம் டப்பாக்களைப் பாருங்கள், பெரும்பாலும் மாத்திரைக்கு 99 மில்லிகிராம் என்று இருக்கும். அதைவிடக் கூடுதலாக இருந்த சில பொட்டாசியம் குளோரைடு மாத்திரைகள் சிறுகுடலில் புண் உண்டாக்கியதால், அங்கே கம்பெனிகள் அந்த அளவுக்குள் நிறுத்திக்கொள்கின்றன. 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. உண்மையிலேயே குறைந்து போனவருக்கு அந்த மாத்திரை போதாது. குறையாதவருக்கு அது தேவையே இல்லை. ஆனால் கிட்னி சுணங்கியவர், ஏற்கெனவே டெல்மிசார்ட்டான் சாப்பிடுகிறவர், ‘ஃபாரின் மாத்திரை’ என்று தினம் நாலைந்து விழுங்கினால் அதுவும் கணக்கில் சேரத்தான் செய்யும்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கும் மட்டும் கணக்கு வேறு. “கோடைக்கு இளநீர் நல்லது”, “கல்லுக்கு வாழைத்தண்டு ஜூஸ் நல்லது”, “சத்துக்கு முருங்கைக்கீரை சூப் நல்லது” என்று சொல்லாத உறவினர் இல்லை. சொல்கிறவர்களின் அன்பில் குறையில்லை. ஆனால் இவை எல்லாமே பொட்டாசியம் நிறைந்தவை. ஒரு டம்ளர் இளநீரிலேயே ஒரு வாழைப்பழத்தில் இருக்கும் அளவுக்கு இருக்கும். டயாலிசிஸ் நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அது நாம் அவருக்குச் செய்யும் உதவி. இவர்கள் காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு குறையும். எது எவ்வளவு என்பதை அவரவர் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிட்னி கல்லுக்கு முன்பு எப்போதோ எழுதிக் கொடுத்த பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் இதே கணக்குதான். யூரின் எரிகிறது என்றதும் மிச்சம் இருப்பதை எடுத்துக் குடிப்பதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். அந்த வகைச் சிரப் பலவற்றில் 5 மில்லிக்கே 10 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியம் குளோரைடு சிரப்பைவிட இது செறிவு கூடியது.

ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதே, அது பொட்டாசியம் குறைவுதானே என்று கேட்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலான நேரம் அது காரணமாக இருப்பதில்லை. வயது, நாள் முழுக்க நின்ற களைப்பு, நீர் போதாமை, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. சில சமயம் காரணமே தெரிவதில்லை. படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், கெண்டைச் சதையை இழுத்துவிட்டுப் படுத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காமல் தொடர்ந்து வந்தால் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எண் குறைந்திருந்தால் மருந்து இருக்கவே இருக்கிறது.

ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்லாமல் விட முடியாது. பொட்டாசியம் குறைந்தாலும் கூடினாலும் கை கால் துவளும், நெஞ்சு படபடக்கும், துடிப்பு தவறும். அறிகுறியை வைத்து எது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. “கை கால் துவளுது, பொட்டாசியம் குறைஞ்சிருக்கும், ஒரு மூடி குடிங்க” என்று கொடுப்பது அதனால்தான் விபரீதம். கூடும்போது பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. முதல் அறிகுறியே இதயத்தில் தெரியலாம். திடீர்த் துவளல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு என்றால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சாப்பிடுகிற மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள்.

பேதி, வாந்தி வந்தால் என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்த ஓஆர்எஸ் பாக்கெட்டில் பொட்டாசியமும் அளவோடு சேர்ந்தே இருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் குடித்தால் பெரும்பாலோருக்கு அது போதும். ஆனால் பிரஷர் மாத்திரையோ பொட்டாசியம் சிரப்போ சாப்பிடுகிற பெரியவருக்குப் பேதியும் வந்து, சிறுநீரும் குறைந்துவிட்டால், அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். அந்த நேரத்தில் எதைத் தொடர்வது, எதை நிறுத்திவைப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களிடம் நான் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும்தான்.

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் சாப்பாட்டு மேஜையில் பரப்புங்கள். சித்த மருந்து, சத்துப் பொடி, வலி மாத்திரை, வெளிநாட்டு டப்பா, உப்பு ஜாடி உட்பட. பத்தாவது படிக்கிற பேத்தியையோ காலேஜ் போகிற பையனையோ உட்கார வைத்து, யார் எதை எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள் என்று ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். பொட்டாசியம் என்ற பெயர் வருகிற இடத்தில் ஒரு வட்டம். கடைசியாகப் பார்த்த பொட்டாசியம், கிரியாட்டினின் அளவு, தேதி. அந்தத் தாளைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். அடுத்தமுறை எந்த டாக்டரிடம் போனாலும், எந்த மெடிக்கல் ஷாப்பில் நின்றாலும் அதை முதலில் காட்டுங்கள்.

பிறகு டாக்டரிடம் மூன்று கேள்வி. இந்தப் பொட்டாசியம் எதற்காக? எத்தனை நாளைக்கு? அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது? கேட்கத் தயங்காதீர்கள். நல்ல டாக்டர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இவ்வளவு அக்கறையான வீடா என்று சந்தோஷப்படுவார்.

டாக்டர் எழுதிய நாள் முடிந்தும் பாட்டிலில் மருந்து மிச்சம் இருந்தால், அதைப் பத்திரப்படுத்தி வைப்பது சிக்கனம் என்று நினைக்க வேண்டாம். அடுத்த பாட்டில் வாங்கப் போகிற கால்கள் முதலில் லேபுக்குப் போகட்டும். நம் வீட்டுப் பெரியவர்களின் உடம்பில் எது குறைகிறது, எது கூடுகிறது என்று கணித்துச் சொல்ல நமக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல ஒரு பரிசோதனை இருக்கும்போது, ஏன் கணிக்க வேண்டும்?

அன்புடன்,
ஆசிரியர்